நிற்காமல் வந்த படகு

நளினிக்குத் தண்ணீர் என்றால் பயம். சத்தியவேடு பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீட்டில் பிறந்தவள் அவள். கிணற்றுப் படியில்கூட இறங்கியதில்லை. கல்யாணமாகி, தடாவுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு வந்தாள். வீட்டை விட்டு வெளியே வந்தால், எதிர்க்கரை தெரியாமல் தண்ணீர் பரந்து கிடந்தது. வந்த புதிதில் அதைப் பார்த்துச் சாப்பாடே இறங்கவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கணவர் நாராயணசாமியும் விவசாயிதான். ஏரியின் உப்பு நிலத்துக்குள் ஏறி, போட்ட பயிரெல்லாம் கருகிப்போகவும், அவர் விவசாயத்தை விட்டார். இன்ஜின் வைத்த ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, குளிர்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்களையும், ஏரி நடுவே இருக்கும் தீவு ஊருக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தார். மகன் சீனு டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தபோது அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. மகள் கீர்த்தி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஒரு வருஷம்கூட அவர் தாங்கவில்லை.

படகை நளினி விற்றுவிடுவாள் என்றுதான் ஊர் நினைத்தது. அவள் விற்கவில்லை. கரையோரமாகவே கொஞ்ச நாள் ஓட்டிப் பழகினாள். அந்தச் சமயத்தில் அவளுக்கு உதவியவர் பக்கத்துத் தெரு சின்னசாமி. சின்ன மரப் படகில் தனியாகப் போய் இறால் வலை போடுகிறவர். எங்கே சேறு படகைப் பிடித்துக்கொள்ளும், எங்கே வலைக்கழிகள் நட்டிருக்கும் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டிக் கொடுத்தார். "இன்னாத்துக்கு பயப்படற தங்கச்சி? முக்காவாசி எடத்துல எறங்கி நின்னா மார் அளவு தண்ணிதான்" என்பார். அவருக்கும் அவர் மனைவி கமலம்மாவுக்கும் குழந்தைகள் இல்லை. அவர் பிடித்து வருவதைக் கமலம்மா ஹைவே ஓரத்தில் கூடையில் வைத்து விற்பாள்.

உரிமம் நளினியின் பெயருக்கு மாறியபோது, சூளூர்பேட்டையில் படகுக்காரர்களை எல்லாம் உட்கார வைத்து ஒரு அதிகாரி தெலுங்கில் வகுப்பு எடுத்தார். எத்தனை பேரை ஏற்றலாம், ஜாக்கெட் எப்படிக் கட்டுவது, பொழுது சாய்ந்த பிறகு ஏன் போகக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார். படகை நிறுத்து. தண்ணீரில் இருப்பவரைத் தூக்கு. உன் பெயரையும் படகின் நம்பரையும் சொல். உடனே போலீசுக்குத் தெரிவி. அவர்கள் வந்து பார்க்கிறவரைக்கும் படகில் எதையும் மாற்றாதே. ஓட்டியது நீ இல்லை என்றால், யார் ஓட்டினார்கள் என்று சொல்ல வேண்டியதும் உரிமம் வைத்திருக்கிற நீதான். கூட்டத்தில் ஒரே பெண் நளினி. எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்தாள்.

ஊரில் ரேவு என்று சொல்லும் அந்தப் படகுத்துறையில் அவள் கறாரானவள் என்று பெயர் வாங்கினாள். "ஜாக்கெட்டு போடலன்னா எறங்கிடு சாமி, வேற போட்டு பாத்துக்கோ" என்று காரில் வந்த பெரிய மனிதர்களிடமே சொல்லியிருக்கிறாள். கீர்த்தியை ஏர்பேட்டில் கட்டிக் கொடுத்தாள். சீனு ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். காண்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குப் பதிலாகப் படகை ஓட்டத் தொடங்கினான். நல்ல பையன்தான். கொஞ்சம் அவசரக்காரன். அம்மா ஒரு மணி நேரத்தில் போகிற இடத்துக்கு அவன் அரை மணியில் போய் நிற்பான்.

பொங்கல் முடிந்த வாரம். தீவு ஊரில் ஒரு கல்யாணம். சாயங்காலம் கல்யாண வீட்டு ஆட்கள் சிலர் ரேவுக்கு வந்து, தங்களைத் தீவில் விட்டுவிட வேண்டும் என்று கேட்டார்கள். படகின் முன்விளக்கு முந்தைய நாளே கெட்டுப் போயிருந்தது. நளினி வானத்தைப் பார்த்தாள். வெளிச்சம் இருந்தது.

"வுட்டுட்டு உடனே திரும்பிடு. அங்க நின்னு பேசிகினு இருக்காத" என்றாள்.

"சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே சீனு இன்ஜினைக் கிளப்பினான்.

அவன் திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. தண்ணீரின் மேல் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. நளினி ரேவில் டீக்கடை விளக்கடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். படகு வந்து மோதிய வேகத்திலேயே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சீனு கயிற்றைக் கட்டப் பார்த்தான். முடிச்சு விழவில்லை.

"இன்னாடா இவ்ளோ லேட்டு?"

"ஒண்ணுமில்ல. பந்தியில உக்கார வச்சிட்டாங்க."

நளினி டார்ச்சை அடித்தாள். படகின் முன்பக்கம் ஒரு கை நீளத்துக்கு விரிசல் விட்டு, அதில் பச்சை பெயின்ட் ஒட்டியிருந்தது.

"இது இன்னா?"

"கட்டையில இட்சிட்டேன்."

"கட்டையில பச்ச பெயின்ட்டு எங்கேர்ந்து வந்துச்சி?"

அவள் படகின் பின்பக்கம் போய் இன்ஜினைப் பார்த்தாள். விசிறியில் நைலான் வலை சுற்றியிருந்தது. அதன் கண்ணிகளில் இரண்டு இறால்கள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.

"சீனு, என்னைப் பாரு. சத்தம் எதுனா கேட்டுச்சா?"

"கேட்டுச்சி."

"ஆள் சத்தமா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"நின்னியா?"

"பயமா இருந்துச்சிம்மா. ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டு. கை தானா திருப்பிட்ச்சி..."

நளினி அவனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. டீக்கடைக்காரரைப் பார்த்து, "ஆம்புலன்சுக்கு போன் போடுங்க, ஏரியில ஒருத்தருக்கு அடிபட்டுடுச்சி" என்று கத்தினாள். பிறகு படகில் ஏறினாள். "எந்த எடம்னு காட்டு" என்றாள்.

சீனு இன்ஜினைப் பிடித்துக்கொண்டான். நளினி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து டார்ச்சை அடித்துக்கொண்டே போனாள். வலை சுற்றிய இன்ஜின் இழுத்து இழுத்து ஓடியது. வலைக்கழிகள் நட்டிருக்கும் இடத்தை நெருங்கியதும் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, "யாருண்ணா? எங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டாள். பதில் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். இடதுபக்கம் யாரோ இருமினார்கள்.

ஒரு சின்ன மரப் படகு கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு கழியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் சின்னசாமி நின்றிருந்தார்.

நளினி யோசிக்கவே இல்லை. குதித்தாள். சேறு முழங்கால்வரை இழுத்தது. தண்ணீர் அவளுக்கு மோவாயைத் தொட்டது. அவரைப் பிடித்துக் கழியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சீனு மேலேயிருந்து இழுத்தான். படகில் போட்ட பிறகுதான், தொடையில் இன்ஜின் விசிறி கிழித்திருந்த காயம் தெரிந்தது. நளினி தன் புடவைத் தலைப்பைக் கிழித்து, இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வேகமா போடா" என்றாள்.

சின்னசாமி கண்ணைத் திறந்தார். "நளினியா?"

"ஆமாண்ணா. பேசாதீங்க. ஆம்புலன்ஸ் வந்துகினு இருக்குது."

"ஒரு போட்டு இட்சிட்டு போயிட்ச்சிம்மா. எம்மாம் கத்தினேன். நிக்கல."

அவருக்குத் தெரியவில்லை. நளினிக்கு அந்த நிமிஷத்தில் பொய் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியிருக்கலாம். அவள் சொன்னது இதுதான்:

"எங்க போட்டுதான்ணா அது."

அவர் அவளையே பார்த்தார். பிறகு இன்ஜின் பக்கம் பார்வையைத் திருப்பினார். அங்கே சீனு இருட்டைப் பார்த்துக்கொண்டு படகை ஓட்டிக்கொண்டிருந்தான். இன்ஜின் சத்தத்தில் அவன் காதில் எதுவும் விழவில்லை.

"லைட்டு இல்லாம ஏன் வர்றான்?" என்றார் சின்னசாமி. குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "குளிருது" என்றார். அதன் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் ரேவில் காத்திருந்தது. சூளூர்பேட்டை போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விட்டார். டாக்டர் வெளியே வந்து, ரத்தம் நிறையப் போய்விட்டது என்றார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் எப்போதும் சொல்கிற வார்த்தையாகத்தான் அது இருந்திருக்கும். நளினி சுவரில் சாய்ந்துகொண்டாள். சீனு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் ஊரிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. கமலம்மாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். யாரோ எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான், நளினியும் சீனுவும் இருட்டில் தேடிப் போய்த் தூக்கி வந்தார்கள் என்றுதான் ரேவில் செய்தி பரவியிருந்தது. கமலம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நேராக நளினியிடம் வந்து, அவளுடைய ஈரக் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ போவலன்னா ஏரியிலயே கெடந்திருப்பாரேம்மா. மூஞ்சையாச்சும் பாக்க வச்சியே. நீயும் உம்புள்ளயும் நல்லா இருக்கணும்."

நளினி கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். கமலம்மா விடவில்லை.

படகுக்காரர் சங்கத் தலைவர் நாகபூஷணமும் வந்திருந்தார். விவரமானவர். ரேவில் படகின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். நளினியைத் தனியாக, ஆஸ்பத்திரி வராந்தாவின் கோடிக்குக் கூப்பிட்டுப் போனார்.

"நான் பாத்துட்டேன். வேற எவனும் பாக்கல" என்றார் மெதுவாக. "விடியறதுக்குள்ள பசங்கள வுட்டு அந்த எடத்த அறுத்து ஒட்டிடலாம். செத்தவரு திரும்பி வரப் போறதில்ல. புள்ள வாழ்க்கையப் பாரும்மா."

"அண்ணா, அந்த போட்ட யாரும் தொடக்கூடாது."

"நீ சொன்னா, உன் ஒருத்தியோட போவுமா? ரேவையே மூடிடுவாங்க. சீசன் இப்பதான் ஆரம்பிச்சிருக்குது. எத்தினி குடும்பம் சோறு துன்னுது அதுல? யோசிச்சியா?"

"யோசிச்சேன்" என்றாள் நளினி. உண்மையில் அவளால் எதையும் யோசிக்க முடியவில்லை. கமலம்மா கண்ணில் ஒற்றிக்கொண்ட கை இன்னும் சூடாக இருப்பதுபோல் இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று பின்னால் சொல்லியிருக்கிறாள்.

அவள் திரும்பிப் போய்க் கமலம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கமலம்மா மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இட்சிட்டு போனது எங்க போட்டு. சீனுதான் ஓட்டினான். பயந்துகினு நிக்காம வந்துட்டான். அப்பால நான் கூட்டினு போனேன்."

கமலம்மாவுக்கு முதலில் புரியவில்லை. திரும்பக் கேட்டாள். நளினி அதையே மறுபடி சொன்னாள். கூட வந்த பெண்களில் ஒருத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கமலம்மா கத்தவில்லை. நளினியின் கையைப் பிடித்திருந்த தன் கையை எடுத்து, மடியில் வைத்துப் புடவையில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நளினி எழுந்து சீனுவைத் தேடினாள். அவன் வாசல் கேட்டருகே நின்றிருந்தான்.

"வா, ஸ்டேசனுக்குப் போலாம்."

"வேணாம்மா. என்னை ஜெயில்ல போட்டுடுவாங்க."

"நீயே வந்து சொல்லிடு. நான் கூட இருக்கேன்."

"உனுக்கு நான் முக்கியமா, சட்டம் முக்கியமா?"

"போட்டு என் பேர்ல இருக்குது, நைனா. நான் போயித்தான் ஆவணும்" என்றாள். மகனை நைனா என்று அவள் கூப்பிடுவது அவனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம்தான்.

அவள் நடந்தாள். பஸ் ஸ்டாண்டுவரை அவன் பின்னால் வருகிறான் என்றே நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. சின்ன வயதுக்காரர். உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொல்லும்படி "செப்பம்மா" என்றார். ஈரப் புடவையோடு, கிழிந்த தலைப்போடு உட்கார்ந்து, நளினி தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறி எல்லாவற்றையும் சொன்னாள். படகின் நம்பரைச் சொன்னாள். அது ரேவில் அப்படியே கட்டியிருக்கிறது, காலையில் வந்து பார்க்கலாம் என்றாள். முன்விளக்கு கெட்டிருந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"தெரிஞ்சேதான் அனுப்பினேன் சார். வெளிச்சம் இருக்குதுன்னு அனுப்பிட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். "அதையும் எழுதவா அம்மா? உன் மேலயும் கேசு வரும்."

"எழுதுங்க."

எஸ்.ஐ. கடைசியாக, படகை ஓட்டியது யார் என்று கேட்டார். இதுவரை தடங்கலில்லாமல் பேசியவள் அங்கே நின்றுவிட்டாள். ஒரு கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடிக்கவில்லை.

"என் மகன். சீனு" என்றாள்.

சீனு தங்கை வீட்டுக்குப் போயிருந்தான். மறுநாள் போலீசார் ஏர்பேட்டில், கீர்த்தியின் மாமனார் மாமியார் முன்னால், தெருவே பார்க்க அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அன்று மத்தியானமே கீர்த்தி அம்மாவைத் தேடி வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் நின்றபடியே பேசினாள்.

"அண்ணன நீயே புடிச்சிக் குடுத்துட்ட இல்ல? எந்தத் தாயாச்சும் செய்வாளா? அப்பா இருந்திருந்தா வுட்டிருப்பாரா?"

நளினி வாசலுக்கு வந்தாள். உள்ளே வா, தண்ணியாவது குடி என்று கூப்பிட்டாள். கீர்த்தி வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனாள். அதன் பிறகு ரொம்ப நாள் போனைக்கூட எடுக்கவில்லை.

நாகபூஷணம் சொன்னபடியே நடந்தது. எல்லாப் படகுகளையும் சோதனை போடுகிறவரை ரேவை மூடினார்கள். பூநாரைகள் வந்து, இருந்து, திரும்பிப் போகிற காலம் முழுக்கப் படகுகள் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தன. நளினி தெருவில் நடந்தால் ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் அவள் காதில் விழும்படியாகவே, "பெத்த புள்ளயையே வுடல, நம்மள வுடுவாளா" என்றான். அவளுடைய உரிமத்தை ரத்து செய்தார்கள். படகு, கேஸ் முடிகிறவரை போலீஸ் காவலில், ஒரு வேலமரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியபடி நின்றது. அவள் இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் விரல்கள் வெடித்தன. அங்கேயும் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

கேஸ் நடந்த நாட்களில் கமலம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாள். சீனுவின் வக்கீல், அன்று பனி அதிகம், சின்னசாமியின் படகிலும் விளக்கு இல்லை என்று வாதாடினார். அதுவும் உண்மைதான். ஆனால் நளினி கூண்டில் ஏறியபோது, நிறுத்தாமல் வந்ததை மறைக்கவில்லை. சீனு தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். தீர்ப்பில் அவனுக்கு இரண்டு வருஷம் சிறை. விளக்கு இல்லாத படகை அனுப்பியதற்கு நளினிக்கு அபராதம்.

அன்று கோர்ட்டுப் படியில் கமலம்மா அவளை நிறுத்தினாள். சாவு நடந்த நாளிலிருந்து அவள் நளினியோடு பேசியதே இல்லை.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் உன்னக் கும்பிட்டுகினே இருந்திருப்பேன்" என்றாள். "நடந்தது தெரியாமயே செத்துப் போயிருப்பேன். இப்ப தெனமும் நெனச்சிப் பாக்கறேன். அவரு கழியப் புடிச்சிகினு நின்னத. எம்மாம் நேரம் நின்னாரோன்னு."

"அண்ணி..."

"நீ செஞ்சது தப்புன்னு சொல்லல. சரின்னும் என் வாயில வரல. என்னை அண்ணின்னு மட்டும் கூப்பிடாத."

நளினி அதற்குப் பிறகு அப்படிக் கூப்பிடவில்லை.

சீனு நெல்லூர் ஜெயிலில் இருந்தான். நளினி ரயிலில் போய் மனு போட்டுக் காத்திருந்தாள். முதல் தடவை அவன் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். இரண்டாவது தடவையும் அப்படியே. கொண்டுபோன முறுக்கையும் பனியனையும் வார்டரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த முறை போனபோது அவன் வந்தான். மெலிந்திருந்தான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அம்மாவின் வெடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா சொல்லிக் குடுத்த?" என்றான்.

நளினி இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில்களை ரயிலில் உட்கார்ந்து யோசித்திருந்தாள்.

"அவரு வெரல ஒண்ணொண்ணா நான்தாண்டா பிரிச்சேன்" என்றாள். "யாராச்சும் வருவாங்கன்னு புடிச்சிகினு இருந்தாரு. நான் வீட்டுக்கு வந்து எப்படித் தூங்கறது?"

நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் கூப்பிட்டார். எழுந்து போகும்போது, "அடுத்த வாட்டி ஊறுகாய் எடுத்துகினு வா" என்றான். ரயில் சூளூர்பேட்டை வருகிறவரை நளினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். எதிரே இருந்தவர்கள் யாரோ இறந்துவிட்டதாக நினைத்து, அவளை ஒன்றும் கேட்கவில்லை.

தண்டனை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது மழைக்காலம். ரேவில் மறுபடியும் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாப் படகிலும் இப்போது புது விளக்கு இருந்தது. நாகபூஷணம் தெருவில் பார்த்து, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கீர்த்தி தன் குழந்தையோடு அண்ணனைப் பார்க்க வந்தாள். முதல் தடவையாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். அம்மாவிடம் நேராகப் பேசவில்லை. குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் உலை வைத்தாள். நளினிக்கு அதுவே போதுமாக இருந்தது.

சீனு இரண்டு மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஒருநாள் காலை குளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "கமலம்மா அத்தை வீட்டுக்குப் போறேன்" என்றான்.

"நானும் வரட்டுமா?"

"வேணாம்மா."

ஆனாலும் நளினி தெருமுனைவரை போனாள். அங்கே ஒரு புங்கமரத்தடியில் நின்றுகொண்டாள். அந்த வீட்டு வாசல் அங்கிருந்து தெரிந்தது.

சீனு கதவைத் தட்டினான். கமலம்மா வந்து திறந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. யாரென்று ஒரு நிமிஷம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லைபோலும்.

"நான் சீனு. அன்னிக்கு போட்ட ஓட்டினவன் நான்தான். மாமா கத்தினது என் காதுல விழுந்துச்சி. நான் நிக்கல."

மழை தூறிக்கொண்டிருந்தது. கமலம்மா கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"உங்கம்மா அன்னிக்கே சொல்லிட்டா" என்றாள். "கோர்ட்டுலயும் சொன்னாங்க. உன் வாயால சொல்றதுக்கு இவ்ளோ நாள் ஆயிட்ச்சா உனுக்கு?"

அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்க வந்தவன்தான். அந்த வார்த்தை அவனிடமிருந்து வரவில்லை.

"இன்னா கத்தினாரு?" என்று கேட்டாள் கமலம்மா. "சொல்லு. காதுல விழுந்துச்சின்னியே."

"நில்லு நைனா, நில்லுன்னு கத்தினாரு" என்றான்.

கமலம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உதடு மட்டும் அந்த வார்த்தைகளைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு, "போ" என்றாள். "மழையில நிக்காத. போ." கதவைச் சாத்திக்கொண்டாள்.

சீனு திரும்பி நடந்து வந்தான். மரத்தடியில் அம்மா நிற்பதைப் பார்த்தான். பக்கத்தில் வந்ததும், நின்றபடியே அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். ஜெயிலுக்குப் போனபோதும் வந்தபோதும் அழாதவன். பால் கேனோடு சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். நளினி அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். மழை வலுத்ததும் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.